‘விபத்து’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்களில் பலருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். துணி துவைக்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நான் உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தச் சொல் ‘விபத்து’.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கணவருடைய அடையாள அட்டையின் நகல், மரணச் சான்றிதழ், மலாய் மொழியில் அடித்த ஒரு தாள். கணவர் ஒரு தொழிற்சாலையில் குத்தகையாளரிடம் வேலை செய்தவர். மேல் தளத்திலிருந்து விழுந்து இறந்து போனார். காரியம் முடிவதற்குள்ளாகவே இரண்டு பேர் வீட்டுக்கு வந்து 3,000 வெள்ளியைக் கொடுத்து, அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். “இது விபத்து அம்மா, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை” என்று ஆறுதலும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அம்மாவும் அதை நம்பினார். “என்ன சார் செய்றது, எங்க தலைவிதி” என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அம்மா, அவர் விழுந்த இடத்தில் தடுப்புக் கம்பி இருந்ததா?” அவர் சொன்னார்: “அது மூணு மாசமா உடஞ்சி கெடந்திச்சி சார். வீட்டுக்கு வந்தா அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு.”

மூன்று மாதம். தொண்ணூறு நாள். ஒரு கம்பியைப் பற்றவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நம் பிள்ளைகளில் வெல்டிங் வேலை தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். தொண்ணூறு நாளாக எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆபத்து தொண்ணூற்றோராவது நாளில் ஓர் உயிரைக் கொண்டுபோனால் அதற்குப் பெயர் விதியா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் நடந்த சில பெரிய துயரங்களை உங்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் அந்த உடைந்த கம்பி எங்கே இருந்தது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

முதலாவது, அபர்ஃபேன். பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் பகுதியில் உள்ள ஒரு சிறிய சுரங்கக் கிராமம். நம் ஆட்கள் தோட்டத்தை நம்பி வாழ்ந்த மாதிரி அந்த மக்கள் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தவர்கள். தாத்தா சுரங்கம், அப்பா சுரங்கம், மகனும் சுரங்கம். சுரங்கத்திலிருந்து வரும் கழிவை மலைமேல் கொட்டிக் குவித்தார்கள். மலைக்குக் கீழே பள்ளிக்கூடம். 1958-இல் ஏழாவது குவியலைத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் நீரூற்று இருந்தது. அது வரைபடத்திலேயே இருந்தது. ஊர்ச் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும்.

1963-இல் உள்ளூர் மன்றத்தின் பொறியாளர் கடிதம் எழுதினார். பள்ளிக்குப் பின்னால் இப்படிக் கழிவு கொட்டுவது ஆபத்து என்று எழுத்துமூலம் எச்சரித்தார். 1964-இல் ஒரு பெண் மன்ற உறுப்பினர், அந்தக் குவியல் நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என்று கூட்டத்தில் பேசினார். 1965-இல் தாய்மார்கள் மனு எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தார்கள். அவர் அதை மன்றத்துக்கு அனுப்பினார். சுரங்கத்தை நடத்தியது தேசிய நிலக்கரி வாரியம், அரசாங்க நிறுவனம். ஒன்றும் நடக்கவில்லை.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. பருவ விடுமுறைக்கு முந்திய கடைசிப் பள்ளி நாள். காலை ஒன்பதேகால் மணி. பிள்ளைகள் அப்போதுதான் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பல நாள் மழையில் ஊறிய அந்தக் கரிக்குவியல் குழம்பாக மாறி, மலையிலிருந்து இறங்கி, பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. 144 பேர் மாண்டார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். தாய்மார்களின் மனுவை அனுப்பிவைத்த அந்தத் தலைமையாசிரியையும் பள்ளியிலேயே இறந்தார். சுரங்கத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அப்பாமார்கள்தான் தங்கள் பிள்ளைகளைக் கையால் தோண்டி எடுத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மரண விசாரணையில் ஒரு பிள்ளையின் பெயரைப் படித்து, மூச்சுத் திணறல், காயங்கள் என்று காரணம் சொன்னபோது ஒரு தகப்பன் எழுந்து நின்றார். அதை ஏற்க முடியாது, நிலக்கரி வாரியம் என் பிள்ளையை உயிரோடு புதைத்தது என்று எழுதுங்கள் என்று கேட்டார். அவர் சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் ஒரு நல்ல வழக்கறிஞர் கேட்க வேண்டியதை அவர் கேட்டார். எப்படிச் செத்தான் என்று மட்டும் எழுதினால் போதாது, யாரால் செத்தான் என்றும் எழுது என்றார்.

வாரியத் தலைவர் லார்ட் ரோபன்ஸ், அந்த ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்ற மாதிரி முதலில் பேசினார். விசாரணை மன்றம் 76 நாள் சாட்சிகளைக் கேட்டது. முடிவில் பழி முழுவதையும் நிலக்கரி வாரியத்தின் மேல் வைத்தது. ஆனால் யாராவது சிறைக்குப் போனார்களா? இல்லை. யாராவது வேலை இழந்தார்களா? ஒருவர்கூட இல்லை. ஒரு பிள்ளைக்கு வாரியம் கொடுத்தது 500 பவுண்டு. மீதமிருந்த குவியல்களை அகற்றும் செலவுக்கு, உலக மக்கள் அந்தக் குடும்பங்களுக்கு அனுப்பிய நன்கொடைப் பணத்திலிருந்தே 150,000 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையைக் கொன்ற மண்ணை அள்ளப் பிள்ளையின் பேரில் வந்த பணம். அந்தப் பணத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுத்தது 1997-இல். முப்பது ஆண்டு வட்டிகூடச் சேர்க்காமல் கொடுத்தது. பிறகு 2007-இல்தான் வேல்ஸ் அரசாங்கம் மேலும் 15 லட்சம் பவுண்டு கொடுத்தது.

ஆனாலும் அந்த மக்கள் விடவில்லை. போராடினார்கள், மனு கொடுத்தார்கள். குவியல்கள் அகற்றப்பட்டன. கழிவுக் குவியல்களைக் கட்டுப்படுத்த 1969-இல் தனிச் சட்டமே வந்தது.

இரண்டாவது, போபால். இதன் பெயரை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. சூடேறி, அழுத்தம் கூடி, சுமார் 40 டன் நச்சு வாயு வெளியேறியது. காற்று அடித்த திசையில் யார் இருந்தார்கள்? தொழிற்சாலைச் சுவரை ஒட்டிக் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளர்கள். தூக்கத்தில் இருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஓடியவர்கள் இன்னும் அதிகமாக வாயுவைச் சுவாசித்தார்கள். ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தால் பல உயிர் பிழைத்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

இங்கே உடைந்த கம்பி எது? ஒன்றல்ல, வரிசையாக இருக்கிறது. நச்சுப் பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிர்சாதன அமைப்பைச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் வேலை செய்யும் நிலையில் இல்லை. வாயுவைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டிய கருவி தயார் நிலையில் இல்லை. 1981 டிசம்பரிலேயே அதே தொழிற்சாலையில் நச்சு வாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்திருக்கிறார். 1982-இல் அமெரிக்காவில் உள்ள தாய் நிறுவனத்தின் நிபுணர்களே வந்து பார்த்துக் குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், இந்த நகரம் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்ற பொருளில் மீண்டும் மீண்டும் எழுதினார். சிறிய பத்திரிகைதானே என்று யாரும் சட்டை செய்யவில்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர்? மத்தியப் பிரதேச அரசாங்கம் உறுதிசெய்த உடனடிக் கணக்கு 3,787. இழப்பீட்டு மன்றங்கள் பின்னர் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 15,000-க்கு மேல். காயமடைந்தோர் ஐந்து லட்சத்துக்கு மேல். 1989-இல் 47 கோடி அமெரிக்க டாலரில் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். கேட்டால் பெரிய தொகை. பங்கு போட்டால், காயமடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய் அளவுதான். குற்றவியல் தீர்ப்பு 2010 ஜூனில் வந்தது. 25 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்களுக்குக் கிடைத்த தீர்ப்பு, இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறை. நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் விசாரணைக்கு நிற்காமலேயே 2014-இல் இறந்தார். இழப்பீட்டைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற மனுவை இந்திய உச்சநீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. ஆலையில் மூட்டை கட்டிக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை அங்கிருந்து எடுத்ததே 2025 ஜனவரியில்தான். நாற்பது ஆண்டு!

ஆனால் போபாலில் இன்னொன்றும் நடந்தது. ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இரண்டு பெண்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. இருவரும் ஏழைத் தொழிலாளிகள், பெரிய படிப்பு இல்லாதவர்கள். 1989-இல் இவர்களும் கூட வேலை செய்த பெண்களும் போபாலிலிருந்து டில்லிவரை நடந்தே போனார்கள். கைப்பிள்ளையோடு நடந்தவர்களும் உண்டு. பிரதமரிடம் முறையிட வேண்டும் என்பதற்காக. 2004-இல் உலகின் பெரிய சுற்றுச்சூழல் விருதுகளில் ஒன்றான கோல்ட்மேன் விருது அந்த இருவருக்கும் கிடைத்தது. நான் விருதுக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாதே, அதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கும் நம் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, வெளிநாட்டுக் கதை போதும். நம் நாட்டுக்கு வருவோம்.

1991 மே 7. சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் மாண்டார்கள். 100-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பக்கத்துக் குடியிருப்பில் இருந்த வீடுகளும் நாசமாயின. குடியிருப்புப் பகுதியை ஒட்டி வெடிபொருள் ஆலை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இலாகாக்கள் எத்தனை? அந்தத் துயரம்தான் நம் நாட்டில் வேலையிடப் பாதுகாப்பைப் பற்றி அரசாங்கத்தை யோசிக்க வைத்தது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதற்குப் பிறகு வந்ததுதான். உங்கள் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற சுவரொட்டிக்குப் பின்னால் அந்த 26 பேர் இருக்கிறார்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, 1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ். மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் முதல் கட்டடம், 12 மாடி, அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த மலையில் மரங்களை வெட்டியிருந்தார்கள். ஓடையைத் திருப்பிக் குழாயில் விட்டிருந்தார்கள். வடிகால் சரியில்லை. தடுப்புச் சுவர் தாங்கவில்லை. பத்து நாள் மழை. மண் மெல்ல மெல்லச் சரிந்து கட்டடத்தின் அடித்தளத்தையே தள்ளிவிட்டது.

அங்கே குடியிருந்தவர்கள் வசதியுள்ளவர்கள். வழக்கறிஞர் வைக்கப் பணம் உள்ளவர்கள். அவர்களுக்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். விழாமல் நின்ற மற்ற இரண்டு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் மேம்பாட்டாளர், பொறியாளர், மேல்நிலத்தின் உரிமையாளர்கள் எனப் பலர் மீதும் பொறுப்பைப் பங்கிட்டது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு என்றது. வழக்கு மேலே போனது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் கழகத்துக்குப் பொறுப்பே இல்லை என்று தீர்ப்பளித்தது.

காரணம் என்ன? 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-வது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. கட்டடத்துக்கு அனுமதி கொடுத்ததற்காகவோ பரிசோதனை செய்ததற்காகவோ ஊராட்சி மன்றத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று அது சொல்கிறது. கழகத்தின் பணம் பொதுமக்களுக்கு அடிப்படைச் சேவை செய்ய வேண்டிய பணம், அதை இழப்பீடாகக் கொடுத்தால் கழகமே நொடித்துப் போகும் என்பதும் தீர்ப்பில் சொல்லப்பட்ட ஒரு காரணம். ஒரு வழக்கறிஞராக அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஒரு குடிமகனாக எனக்கு ஒரு கேள்வி உண்டு. அனுமதி முத்திரை குத்தும் அதிகாரம் உனக்கு உண்டு, மதிப்பீட்டு வரி வாங்கும் உரிமை உனக்கு உண்டு, கட்டடம் விழுந்தால் மட்டும் பொறுப்பு உனக்கு இல்லையா?

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் மலை சரிந்துகொண்டுதான் இருக்கிறது. 2008 டிசம்பரில் புக்கிட் அந்தாராபங்சா. 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலியில் முகாம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் மண்ணுக்குள் போனார்கள். அங்கே முகாம் நடத்த உரிமமே இல்லை என்பது உயிர் போன பிறகுதான் வெளியே வந்தது.

இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அபர்ஃபேனில் தாய்மார்கள் சொன்னார்கள். போபாலில் ஒரு சிறு பத்திரிகைக்காரர் சொன்னார். நம் அம்மா வீட்டில் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆபத்து முதலில் தெரிவது அதன் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு, அதன் மேல் ஏறி வேலை செய்கிறவனுக்கு. அவன் பேச்சுதான் கடைசியில் எடுபடுகிறது. எடுபடும்போது அவன் இருப்பதில்லை.

நம் சமுதாயத்துக்கு இது புதிதில்லை. 1942, 43-இல் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அது விபத்தல்ல, கொடுமை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று நீங்கள் காஞ்சனாபுரிக்குப் போனால், அங்கே மாண்ட போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசையாகக் கல்லறை இருப்பதைப் பார்க்கலாம். புல்லை வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. சரியான எண்ணிக்கைகூட இல்லை. ஏன்? சிப்பாயின் பெயர் பட்டியலில் இருந்தது. கூலிக்காரன் பெயரை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

எழுதப்படாத உயிருக்குக் கணக்கு இல்லை. எழுதப்படாத புகாருக்கும் அதே கதிதான். அதனால்தான் இப்போது நான் சொல்லப் போவதை வீட்டில் போய் ஒரு தாளில் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்திலாவது ஒட்டி வையுங்கள்.

ஒன்று. ஆபத்தைக் கண்டால் வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள். மேலாளருக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ எழுத்தில் கொடுங்கள். மலாய் தெரியாவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த முத்திரைதான் நாளைக்கு “எங்களுக்குத் தெரியாது” என்ற பேச்சை அடைக்கும். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

இரண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உடனடி உயிர் ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. பொறுப்பை மீறும் முதலாளிக்கு அபராதம் 500,000 வெள்ளி வரை போகலாம். முன்பு இது 50,000 வெள்ளி. இந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் உண்டு.

மூன்று. வேலையில் அடிபட்டால் உடனே முதலாளியிடம் தெரிவியுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். வேலைக்கு மோட்டாரில் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ உண்டு. அதற்குப் போலீஸ் புகார் முக்கியம். உங்களைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தது முதலாளியின் குற்றம், உங்கள் குற்றமல்ல. பதிவு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் பயந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சொக்சோ அலுவலகத்துக்கு நேராகப் போய்ப் புகார் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொக்சோ பாதுகாப்பில் உள்ள தொழிலாளி, வேலையில் ஏற்பட்ட காயத்துக்காக முதலாளி மீது தனியாக இழப்பீட்டு வழக்குப் போடுவதை அந்தச் சட்டத்தின் 31-வது பிரிவு தடுக்கிறது. அதனால் சொக்சோ உரிமையைக் கோட்டைவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நான்கு. காலக்கெடு. மற்ற விபத்துகளில் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்த குடும்பம் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அரசாங்கத்தின் மீதோ அரசாங்க அமைப்பின் மீதோ என்றால் 36 மாதம். “வருஷத் திவசம் முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும்” என்று தள்ளிப்போட்டு நான்காம் ஆண்டில் வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் “முடியாது அம்மா” என்று சொல்வதுதான் என் தொழிலில் மிகக் கஷ்டமான வேலை.

ஐந்து. துக்க வீட்டில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் கட்டாயம் போடாதீர்கள். “அண்ணன் வரட்டும், படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்” என்று சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர் நாளைக்கும் வருவார். சட்ட உதவி அலுவலகங்களிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிலும் வசதி குறைந்தவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும்.

ஆறு. தனியாகப் போகாதீர்கள். ஒருவர் எழுதினால் அது குறை. நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதினால் அது மனு. மலாய்க்காரர், சீனர், வங்காளதேசித் தொழிலாளி, யார் உங்கள் பக்கத்தில் வேலை செய்தாலும் அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். உடைந்த கம்பிக்கு இனம் தெரியாது.

அந்த அம்மாவின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். குத்தகையாளர் பதிவு செய்யவே இல்லை. அந்த 3,000 வெள்ளித் தாளைக் காட்டி எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் கணவரோடு வேலை செய்த ஒரு பையன், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்த உடைந்த கம்பியின் பக்கத்தில் நின்று விளையாட்டாகப் படம் எடுத்திருந்தான். படத்தில் கம்பியும் தெரிகிறது, வேலை உடுப்பில் அவரும் தெரிகிறார், தேதியும் இருக்கிறது. அவர் அங்கேதான் வேலை செய்தார் என்பதற்கு அதுவே பெரிய சாட்சி. பல மாதம் அலைந்து திரிந்து, கடைசியில் சொக்சோ மாதப் பணம் வந்தது. பெரிய தொகை இல்லை. வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பஸ்ஸுக்கும் ஆகிறது.

கடைசியாக வந்தபோது அந்த அம்மா சொன்னார்: “அவரு சொன்னப்பவே நான் எழுதிக் குடுக்கச் சொல்லியிருந்தா ஆளே இருந்திருப்பாரே சார்.” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தவறு உங்களுடையது இல்லை அம்மா என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. ஆனால் அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேளுங்கள். “நீ வேலை செய்கிற இடத்தில் எது உடைந்து கிடக்கிறது?” அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.